கொன்ற பின்னும் ஊர்வலம் வரும் டிராகன்

டிராகனை நேரில் கண்டவர் யாரும் இல்லை. ஆயினும் சீனத்தின் மஞ்சள் ஆற்றுச் சமவெளியில், பிரான்சின் ரோன் நதிக்கரையில், ஜப்பானின் இசுமோவில், வேல்சில், வியட்நாமில், பூட்டானில் அதற்கு உருவமும் குணமும் வரலாறும் உண்டு. சில ஊர்களில் ஆண்டுதோறும் அது தெருவுக்கு வரும் நாளும் உண்டு. இவ்வளவு தொலைவில் பிரிந்து வாழ்ந்த மக்கள் ஏறத்தாழ ஒரே சாயல் கொண்ட ஓர் உயிரை எப்படிக் கற்பனை செய்தார்கள்?

இந்தக் கேள்வி மிகப் பழையது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் கிரேக்க எழுத்தாளர் பலைஃபேட்டஸ், தொன்மக் கதை வீரன் காட்மஸ் கொன்றது டிராகனை அல்ல, டிராகோன் என்ற பெயருடைய ஓர் அரசனைத்தான் என்று விளக்கினார். கி.பி. முதல் நூற்றாண்டில் சீனச் சிந்தனையாளர் வாங் சோங் ஒரு தனி அத்தியாயமே எழுதி, டிராகன் தெய்வமாகி வானேறுகிறது என்ற நம்பிக்கையை மறுத்தார். மீனையும் பாம்பையும் போல அதுவும் நீரைச் சார்ந்த ஓர் உயிர் என்பதே அவர் வாதம். 1886-இல்கூட சார்லஸ் கூல்ட் என்ற நிலவியலாளர், டிராகன் ஒரு காலத்தில் உண்மையாகவே வாழ்ந்து அழிந்த விலங்கு என்று நூல் எழுதினார். அந்த வாதத்தை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் அதற்குப் பின் வந்த விடைகள் ஒன்றையொன்று முழுமையாக வென்றுவிடவும் இல்லை.

அந்த விடைகளை இங்கே எடைபோடலாம். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுக் குறை இருப்பதாகத் தோன்றுகிறது. டிராகனின் கதையையும் உருவத்தையும் ஆராய்ந்த அளவுக்கு, அதைத் தோளில் சுமந்து தெருவில் நடந்தவர்களை அவை கவனிக்கவில்லை.

எது டிராகன்?

சீன டிராகனுக்கு மானின் கொம்பு, மீனின் செதில், கழுகின் நகம். பெரும்பாலும் சிறகு கிடையாது, ஆனாலும் பறக்கும். பண்டைய கிரேக்கக் கதைகளில் வருவது பெரும்பாலும் பெருத்த பாம்புதான். ஊற்றையோ புதையலையோ காத்துக் கிடக்கும். நான்கு கால், வௌவால் சிறகு, வாயில் தீ என்று இன்று திரைப்படங்களில் காணும் உருவம் ஐரோப்பிய இடைக்கால ஓவியங்களில் சிறிது சிறிதாகக் கூடிவந்தது. பாபிலோனியப் படைப்புக் காவியமான எனுமா எலிஷில் மார்துக் என்ற தெய்வம் பிளந்துபோடும் தியாமத் டிராகன்தானா என்பதிலேயே அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை. அவள் பெற்றெடுத்த படையில் பாம்புகள் உண்டு. அவளுடைய உருவத்தைக் காவியம் தெளிவாகச் சொல்வதில்லை.

வலையை அகலமாக விரித்தால் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் வானவில் பாம்பும், மெக்சிகோவின் இறகுப் பாம்பான கெட்சல்கோவாட்லும், நம் கோயில் தோரணங்களில் வாய் பிளந்து நிற்கும் மகரமும் டிராகன் ஆகிவிடும். யாளியையும் இதில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சிங்க உடலும் சில வகைகளில் துதிக்கையும் கொண்ட யாளியிடம் பாம்பின் சாயல் மிகக் குறைவு என்பதால் அதைச் சேர்ப்பது பொருத்தமாகப் படவில்லை. வலையைச் சுருக்கினாலோ ஐரோப்பாவும் சீனமும்கூட ஒரே பட்டியலில் நிற்பது கடினம். எனவே, 'டிராகன் எங்கும் இருக்கிறது' என்ற வியப்பில் ஒரு பங்கு வகைப்படுத்தியவர்களால் உண்டானது. பாம்பின் உடல், பிற விலங்குகளின் உறுப்புகள், நீரோடும் வானத்தோடும் உறவு ஆகிய மூன்றும் கூடி நிற்பதை மட்டும் டிராகன் என்று கொண்டால் ஒப்பீட்டுக்கு ஓரளவு உறுதியான தரை கிடைக்கும்.

மண்ணுக்குள் கிடைத்த எலும்புகள்

மக்களுக்கு மிகப் பிடித்த விடை இதுதான்: அழிந்துபோன பெருவிலங்குகளின் எலும்புகளைக் கண்ட முன்னோர் அவற்றிலிருந்து டிராகனை உருவாக்கிக்கொண்டார்கள். ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரம் இதற்கு எப்போதும் காட்டப்படும் சான்று. அங்கே 14-ஆம் நூற்றாண்டில் கிடைத்ததாகச் சொல்லப்படும் ஒரு மண்டையோடு, நகரத்தார் நம்பிய லிண்ட்வுர்ம் என்ற டிராகனுடையது எனப் போற்றப்பட்டது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகரச் சதுக்கத்தில் எழுந்த டிராகன் சிலையின் தலை அந்த மண்டையோட்டைப் பார்த்தே செதுக்கப்பட்டது என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அது பனியுகக் கம்பளிக் காண்டாமிருகத்தின் மண்டையோடு என்று அறியப்பட்டது. போலந்தின் கிராக்கோவ் நகரில் வாவெல் பேராலய வாயிலில் தொங்கும் 'டிராகன் எலும்புகளும்' இதே வகைப் பெருவிலங்குகளுடையவை.

சீனத்தில் இந்தத் தொடர்பு மருந்துக் கடைகளில் இன்னும் ஆழமானது. 'டிராகன் எலும்பு' என்று இடித்து விற்கப்பட்டவை பெரும்பாலும் தொல்பாலூட்டிகளின் புதைபடிவங்கள். 1899-இல் வாங் யீரோங் என்ற அறிஞர் ஷாங் அரசமரபுக் காலத்துக் குறி எழுத்துகளை இத்தகைய எலும்புகளில் கண்டறிந்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. 1935-இல் ஃபான் கோனிக்ஸ்வால்ட் ஹாங்காங் மருந்துக் கடையொன்றில் கண்டெடுத்த பல்தான் ஜைகாண்டோபிதிகஸ் என்ற மாபெரும் வாலில்லாக் குரங்கை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியது.

ஏட்ரியன் மேயர் 2000-இல் வெளியிட்ட நூலில், கோபி பாலைவனத்துப் புரோட்டோசெரடாப்ஸ் எலும்புகள் கிரிஃபின் என்ற கழுகுச் சிங்கக் கதைக்குத் தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்றார். அது டிராகனைப் பற்றிய வாதம் அல்ல என்றாலும் இத்துறைக்குப் புதிய வேகம் தந்தது. மார்க் விட்டன் போன்ற தொல்லுயிரியலாளர்கள் அதைக் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். அந்த எலும்புகள் கிடைக்கும் இடமும் கதை வழங்கிய இடமும் பொருந்தவில்லை. கிரிஃபினின் உருவத்தை வாழும் விலங்குகளைக் கொண்டே விளக்கிவிட முடிகிறது என்பவை அவர்களுடைய முக்கியக் காரணங்கள்.

டிராகனைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. எலும்பைப் பார்த்து 'இது டிராகன்' என்று சொன்னவர்களுக்கு டிராகனை முன்பே தெரிந்திருந்தது. மண்டையோடு கதையை உறுதிப்படுத்தியது, சிற்பிக்கு முகம் தந்தது, மருந்துக்காரருக்குச் சரக்கு தந்தது. கதையைப் பெற்றெடுத்ததற்கு அது சான்றாகாது.

உடலில் ஊறிய அச்சம்

மானுடவியலாளர் டேவிட் ஜோன்ஸ் 2000-இல் வெளியிட்ட நூலில் வேறு திசையில் போனார். குரங்கினங்களை வேட்டையாடியவை பாம்பு, பெரும்பூனை, வல்லூறு ஆகிய மூன்றும். ஆப்பிரிக்க வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் என எழுப்புவதை ஆய்வுகள் 1980 வாக்கில் காட்டியிருந்தன. இந்த மூன்று அச்சங்களும் மனித மூளையில் ஒன்றாகக் கலந்து உருவானதே டிராகன் என்பது ஜோன்ஸின் கருத்து. 2006-இல் லின் இஸ்பெல் முன்வைத்த, பாம்பைக் கண்டுகொள்ளும் தேவையே முதனிகளின் பார்வைத் திறனைக் கூர்மையாக்கியது என்ற கருதுகோள் இதற்கு ஓரளவு துணை நிற்கிறது.

பாம்பு ஏன் இத்தனை கதைகளில் வருகிறது என்பதற்கு இது ஏற்கத்தக்க விளக்கமே. டிராகனுக்கு வந்ததும் இது நின்றுவிடுகிறது. வேட்டையாடும் விலங்குகளின் மேல் உள்ள அச்சம் மட்டுமே காரணம் என்றால், மழை வேண்டி டிராகனை வணங்கும் உழவரை எப்படி விளக்குவது? விழா ஊர்வலத்தில் அதன் வாயில் பலகாரம் எறிந்த பாரிஸ் நகரத்தாரை எப்படி விளக்குவது? அச்சம் மனிதர் எல்லோருக்கும் பொது. வணக்கமும் விளையாட்டும் ஊருக்கு ஊர் மாறுபவை.

பரவியதா, மரபாக வந்ததா?

கிராஃப்டன் எலியட் ஸ்மித் என்ற உடற்கூற்றியலாளர் 1919-இல் எழுதிய நூல், உலகின் டிராகன்கள் அனைத்தையும் எகிப்தை மையமாகக் கொண்ட பண்டைய மேற்காசிய உலகிலிருந்து பரவியவையாகக் காட்ட முயன்றது. உயர்ந்தவை எல்லாம் ஒரே இடத்தில் பிறந்து மற்றவர்களுக்கு வழங்கப்பட்டன என்ற பார்வை அன்றைய பேரரசுக் காலத்துக்கு ஏற்றதாக இருந்தது. சான்றுகள் அதற்கு நிற்கவில்லை. 1987-இல் சீனத்தின் ஹெனான் மாநிலம் பூயாங்கில், 6000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுள்ள யாங்ஷாவ் பண்பாட்டுக் கல்லறை ஒன்றைத் தோண்டினார்கள். இறந்தவரின் ஒரு பக்கம் சிப்பி ஓடுகளால் அடுக்கிய டிராகன், மறுபக்கம் புலி. டிராகனின் நீளம் 1.78 மீட்டர். எகிப்தில் அரசர் ஆட்சி தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இது மண்ணுக்குள் போய்விட்டது.

பரவல் கொள்கை சிறிய எல்லைக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. பௌத்த நூல்கள் சீனம் போனபோது இந்திய நாகங்கள் அங்குள்ள டிராகனோடு இணைந்தன. நீருக்கடியில் மாளிகை கட்டி வாழும் டிராகன் அரசர்கள் சீனக் கதைகளில் பெருகியதற்கு அந்த இணைப்பு முக்கியக் காரணம் என்பதை டச்சு அறிஞர் டெ விஸ்ஸர் 1913-இலேயே விரிவாகக் காட்டியிருக்கிறார். இங்கே வழியும் காலமும் கைமாறிய நூல்களும் தெரிகின்றன. ஸ்மித்தின் வாதத்தில் இல்லாதது அதுதான்.

மொழியியலாளர் கால்வர்ட் வாட்கின்ஸ் 1995-இல் வெளியிட்ட பெருநூல் மரபுவழியைத் தேர்ந்தது. ரிக் வேதத்தில் இந்திரன் விருத்திரனைக் கொல்வது, ஈரானிய, கிரேக்க, ஹிட்டைட், ஜெர்மானியக் கதைகளில் வீரன் பாம்பைக் கொல்வது இவற்றுக்கிடையே சொல்லமைப்பு அளவிலேயே ஒற்றுமை இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்குள் இதைவிடத் துல்லியமான ஒப்பீடு இதுவரை வரவில்லை. ஆனால் அந்த மொழிக் குடும்பத்தின் எல்லையோடு அதன் வலிமையும் முடிந்துவிடுகிறது. ஜூலியன் துயி 2013-இல், உயிரினங்களின் வமிசாவளி வரையும் கணிப்பு முறையைக் கதைக்கூறுகளுக்குப் பொருத்தி, டிராகன் கதை பழைய கற்காலத்தியது என்றார். முறை புதியது. எந்தக் கூறு ஒன்று, எது வேறு என்று முதலில் கணினிக்குச் சொல்வது ஆய்வாளரே என்பதால், மேலே பார்த்த வகைப்பாட்டுச் சிக்கல் இங்கேயும் பின்தொடர்கிறது.

நீர் என்ற விடை

எல்லா விடைகளிலும் அதிகம் தாக்குப்பிடித்திருப்பது நீர். விருத்திரன் ஆறுகளை அடைத்துக் கிடக்கிறான். ஹெர்மன் குங்கெல் 1895-இல் விவிலியத்தின் கடல் அரக்கனையும் பாபிலோனியத் தியாமத்தையும் ஒப்பிட்டு, கட்டற்ற ஆதிநீரை அடக்கி உலகை ஒழுங்குபடுத்தும் போர் இது என்று எழுதினார். கி.பி. 712-இல் தொகுக்கப்பட்ட ஜப்பானிய கோஜிகியில் வரும் எட்டுத் தலை யமதா நோ ஒரோச்சியை, ஆண்டுதோறும் கரை உடைத்த ஹீ ஆற்றின் உருவகமாகப் பலர் வாசிக்கிறார்கள்.

இந்த வழியில் மிகத் தொலைவு போனவர் ராபர்ட் பிளஸ்ட். ஆஸ்ட்ரோனேசிய மொழியியலில் பெரும் புலமை பெற்ற அவர், 2000-இல் ஒரு கட்டுரையிலும் இறந்த பின் 2023-இல் வெளிவந்த நூலிலும் ஒரே கருத்தைச் சொன்னார்: டிராகன் என்பது வானவில். மழைக்கும் வெயிலுக்கும் நடுவே தோன்றுகிறது, வளைந்த உடல் கொண்டது, ஆற்றிலும் ஊற்றிலும் நீர் குடிப்பதாகப் பல நாடுகளில் நம்பப்படுகிறது, அதன் அடியில் பொன் இருக்கிறது. டிராகனுக்குச் சொல்லப்படுபவை பெரும்பாலும் வானவில்லுக்கும் சொல்லப்படுகின்றன. ஷாங் காலத்து எலும்பு எழுத்தில் வானவில்லைக் குறிக்கும் வடிவம் இரு முனைகளிலும் தலை உடைய வளைந்த விலங்காகவே இருக்கிறது. ஆஸ்திரேலிய வானவில் பாம்பைப் பற்றி ராட்கிளிஃப் பிரவுன் 1926-இலேயே எழுதியிருந்தார். யாரிடமிருந்தும் யாரும் கடன் வாங்காமல் ஒரே வானத்தைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கலாம் என்பதால் பரவலின் தேவையே இதில் எழுவதில்லை. இதுதான் இக்கொள்கையின் அழகு.

குறையும் அங்கேயே இருக்கிறது. பிளஸ்டின் பட்டியலில் உள்ள பண்புகள் அனைத்தும் ஒரே மக்களிடம் ஒருசேரக் காணப்படுவதில்லை. இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று எடுத்துச் சேர்த்த முழுமை அது. வானவில்லைப் பாம்பாகக் கண்ட மக்கள் பலர் இருந்தார்கள் என்பது உறுதி. எல்லா டிராகனும் அங்கிருந்தே இறங்கின என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

இருந்தும் நீரைக் கைவிட முடியாது. அதற்குச் சான்று கதையில் மட்டும் இல்லை, செயலிலும் இருக்கிறது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் சீன அறிஞர் தோங் சோங்ஷு பெயரில் வழங்கும் நூல், வறட்சிக் காலத்தில் மழை வேண்டிக் களிமண் டிராகன்கள் செய்யும் முறையை விரிவாகச் சொல்கிறது. வசந்தத்தில் பச்சை டிராகன்கள் கிழக்கு நோக்கி, கோடையில் சிவப்பு டிராகன்கள் தெற்கு நோக்கி என்று நிறமும் திசையும் பருவத்துக்கேற்ப மாறும். இதை எழுதியவருக்கு டிராகன் எங்கிருந்து வந்தது என்ற கவலை இல்லை. அதைக்கொண்டு என்ன செய்யலாம் என்பதே அவர் அக்கறை.

தெருவுக்கு வரும் டிராகன்

டிராகன் கொலையைச் சொல்லும் மிகப் பழைய நூல்களுள் ஒன்று துருக்கியில் ஹிட்டைட் தலைநகர் ஹத்துசாவில் கிடைத்த களிமண் பலகைகளில் இருக்கிறது. புயல் தெய்வத்தை முதலில் தோற்கடிக்கிறது இல்லுயங்கா என்ற பாம்பு. இனாரா என்ற தேவி விருந்து வைத்து, குடித்து மயங்கிய பாம்பை ஹுபாசியா என்ற மனிதனைக் கொண்டு கட்டுகிறாள். பிறகுதான் தெய்வம் அதைக் கொல்கிறது. கதைக்கு முன் ஒரு செய்தி வருகிறது: நாடு செழிக்க வேண்டும் என்று வேண்டும் புருல்லி விழாவுக்குரிய உரை இது. பாபிலோனிலும் எனுமா எலிஷ் புத்தாண்டு விழாவான அகீதுவின் நான்காம் நாளில் ஓதப்பட்டது. ஆக, இந்தப் பழைய சான்றுகளில் கதையும் விழாவும் சேர்ந்துதான் இருக்கின்றன.

விழாவே முதல், கதை அதற்கு எழுந்த விளக்கம் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் சிலர் வாதிட்டார்கள். அந்த அவசர முடிவுக்குக் கிரேக்கத்தின் டெல்ஃபி நல்ல எச்சரிக்கை. அங்கே எட்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு குடிலுக்குத் தீ வைத்து ஓடும் சடங்கு நடந்தது. அப்போலோ தெய்வம் பைத்தான் என்ற பாம்பைக் கொன்றதன் நினைவு என்று விளக்கப்பட்டது. புளூட்டார்க்கின் உரையாடலில் வரும் ஒருவர், அந்தக் குடில் பாம்பின் வளை போல இல்லை, அரசனின் மாளிகை போல இருக்கிறது என்று ஐயம் எழுப்புகிறார். விளக்கம் சடங்கோடு ஒட்டவில்லை என்பதை அக்காலத்தவரே கண்டிருக்கிறார்கள். பைத்தான் கதையைப் பற்றி 1959-இல் பெருநூல் எழுதிய ஜோசஃப் ஃபான்டன்ரோஸ் பின்னாளில் இந்தச் சடங்குக் கொள்கையையே கடுமையாக விமரிசித்தார்.

ஐரோப்பிய இடைக்காலத்தில் படம் இன்னும் தெளிவாகிறது. வரலாற்றாசிரியர் ழாக் லெ கோஃப் 1970-இல் எழுதிய கட்டுரை பாரிசின் புனித மார்சலைப் பற்றியது. 6-ஆம் நூற்றாண்டு வாழ்க்கை வரலாற்றில் அந்த ஆயர் நகரை அச்சுறுத்திய பெரும்பாம்பைக் கொல்லவில்லை. அடக்கி, போய்விடு என்று விரட்டுகிறார். சதுப்பு நிலம் மனிதக் குடியிருப்பாக மாறியதன் தடம் இதில் இருக்கலாம் என்று லெ கோஃப் கருதினார். பல நூற்றாண்டு கழித்து, விண்ணேற்றத் திருநாளுக்கு முந்தைய ஊர்வலங்களில் பிரம்பால் பின்னிய ஒரு பெரிய டிராகன் பாரிஸ் தெருக்களில் வந்தது. திருச்சபைக்கு டிராகன் என்றால் சாத்தான். தெருவில் நின்றவர்களோ அதன் திறந்த வாயில் பழங்களும் பலகாரங்களும் எறிந்தார்கள். ஒரே ஊர்வலத்தில் இரண்டு டிராகன்கள் நடந்தன என்று சொல்வது மிகையாகாது.

லெ கோஃபுக்கு முன்பே இந்தப் பாதையைத் திறந்தவர் தமிழ் ஆய்வுலகம் நன்கறிந்த ஒருவர். பிறமலைக் கள்ளர் சமூகத்தைப் பற்றிக் கள ஆய்வு செய்து 1957-இல் நூல் வெளியிட்ட லூயி துய்மோன், அதற்கு ஆறு ஆண்டு முன் 1951-இல் 'லா தராஸ்க்' என்ற நூலை எழுதியிருந்தார். பிரான்சின் தென்பகுதியில் தராஸ்கோன் என்ற சிற்றூர். அங்கே ரோன் ஆற்றில் வாழ்ந்து மனிதரை விழுங்கிய தராஸ்க் என்ற டிராகனைப் புனித மார்த்தா அடக்கி இடைக்கச்சையால் கட்டி இழுத்துவந்தார், ஊரார் அதைக் கொன்றார்கள் என்பது கதை. மரபான விழாவில் அது இருமுறை வந்தது. பெந்தகொஸ்தே சமயத்தில் முரட்டு விலங்காகக் கூட்டத்தின் மேல் பாயும். மூக்கில் வாணம் சீறும், வால் வீச்சில் ஆட்கள் விழுவார்கள். ஜூலை 29, மார்த்தாவின் திருநாளில் அதே உருவம் சாதுவாக வரும். ஒரு சிறுமி அதை நடத்திச் செல்வாள்.

துய்மோன் இதன் மூலத்தைத் தேடி எகிப்துக்கோ கற்காலத்துக்கோ போகவில்லை. இந்த ஊரில் இந்த நாளில் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். கேடும் நலமும் சேர்ந்த ஒன்றாகவே தராஸ்க் ஊராருக்கு இருந்தது. அது ஊரின் எதிரி மட்டுமன்று, ஊரின் அடையாளமும் கூட என்பது அவர் கண்டது. டிராகன் பற்றிய எழுத்துகளில் அளவில் சிறிய இந்த நூல் முறையில் மிகப் பெரியது என்பது என் மதிப்பீடு. அதன் வழியில் இன்னும் பத்து ஊர்களைப் பற்றிய ஆய்வுகள் இருந்திருந்தால் இன்று நாம் கேட்கும் கேள்விகளே மாறியிருக்கும்.

துய்மோனின் முடிவுக்கு இங்கிலாந்தின் நாரிச் நகரம் எதிர்பாராத ஆதரவு தருகிறது. புனித ஜார்ஜ் சங்கத்தின் ஊர்வலத்தில் ஜார்ஜும் மார்கரெட்டும் டிராகனும் வருவது வழக்கம். 16-ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தில் புனிதர்களுக்கு இடமில்லாமல் போனது. ஜார்ஜும் மார்கரெட்டும் நீக்கப்பட்டார்கள். டிராகன் மட்டும் வந்து தன்னைக் காட்டலாம் என்று முடிவாயிற்று. 'ஸ்னாப்' என்று செல்லப்பெயர் கொண்ட அது 19-ஆம் நூற்றாண்டு வரை நகரத் தெருக்களில் வந்தது. கொல்ல வேண்டிய வீரன் போன பிறகும் கொல்லப்பட வேண்டியது மக்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் போரில் புனித ஜார்ஜ் டிராகனை வெல்வது உறுதி. கூடியிருப்பவர்களின் ஆவலோ அதன் வால் நுனியிலுள்ள குதிரை முடியில் ஒன்றையாவது பிடுங்கிக்கொள்வதில் இருக்கும். அது ஆண்டு முழுவதும் நல்வாய்ப்புத் தரும் என்பது நம்பிக்கை. மோன்ஸ், தராஸ்கோன் உட்பட பெல்ஜிய, பிரெஞ்சு ஊர்களின் அரக்கர், டிராகன் ஊர்வலங்களை யுனெஸ்கோ 2005-இல் மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது.

கிழக்கும் மேற்கும்

கிழக்கின் டிராகன் அருளாளன், மேற்கின் டிராகன் கொடியவன் என்ற பாகுபாடு பாடநூல் வரை பரவியிருக்கிறது. கதைத் தொகுப்புகளை மட்டும் படித்தால் அது பெரும்பாலும் சரியாகவே தோன்றும். மேலே கண்ட ஐரோப்பிய விழாக்கள் அதன் ஒரு பாதியை அசைக்கின்றன. மறுபாதியும் நிலையானதன்று.

சீனக் கதைகளிலும் டிராகன்கள் கொல்லப்படுகின்றன. சோவ் சூ என்ற முரட்டு இளைஞன் ஊருக்குத் தொல்லை தந்த நீர் டிராகனைக் கொல்கிறான். நேஜா என்ற தெய்வச் சிறுவன் டிராகன் அரசனின் மகனைக் கொல்கிறான். நீண்ட வறட்சியின்போது டிராகன் அரசனின் சிலையைக் கோயிலிலிருந்து தூக்கி வந்து வெயிலில் காயவைக்கும் வழக்கம் பல சிற்றூர்களில் இருந்தது. கடமை தவறிய தெய்வத்துக்கு ஊரார் தந்த தண்டனை அது. பாரிசில் சாத்தானுக்குப் பலகாரம் கிடைத்தது, சீனச் சிற்றூரில் அருளாளனுக்கு வெயில் கிடைத்தது.

ஹாங்காங்கின் தை ஹாங் பகுதியில் நடுஇலையுதிர்கால விழாவில் ஆடப்படும் தீ டிராகன் நடனத்தின் கதை இன்னும் நெருக்கமானது. 1880-இல் அது ஒரு சிற்றூர். கால்நடைகளைத் தின்ற மலைப்பாம்பு ஒன்றை ஊரார் கொன்றார்கள். மறுநாள் அதன் உடலைக் காணவில்லை. ஊரில் கொள்ளை நோய் பரவியது. வைக்கோலில் டிராகன் செய்து, உடலெங்கும் ஊதுவத்தி செருகி, பட்டாசு வெடித்து ஆடினால் நோய் நீங்கும் என்று மூத்தவர் ஒருவருக்குக் கனவில் அறிவிக்கப்பட்டதாம். இன்று சுமார் 67 மீட்டர் நீளமுள்ள அந்த டிராகனை நூற்றுக்கணக்கானோர் சுமந்து ஆடுகிறார்கள். கொன்றார்கள், பிறகு அதன் உருவத்தையே செய்து தோளில் ஏற்றினார்கள்: தராஸ்கோனில் நாம் பார்த்த அதே வரிசை. இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே எந்தத் தொடர்பையும் காட்ட முடியாது.

டிராகன் படகு விழாவைப் பற்றிய விவாதம் வேறு மாதிரியானது. சீன நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் படகு விடுவது ஆற்றில் மூழ்கிய கவிஞர் சூ யுவானின் நினைவாக என்பது பரவலான கதை. சுசோவில் அதை வூ ஸீஷு என்ற அமைச்சரோடு இணைப்பார்கள். கவிஞரும் அறிஞருமான வென் யீதுவோ 1940-களில் இரண்டையும் ஒதுக்கி, டிராகனைக் குலக்குறியாகக் கொண்ட தென்னாட்டு மக்களின் விழாவே இது என்றார். பல குலங்களின் குறிகள் சேர்ந்ததே சீன டிராகன் என்ற அவருடைய கருத்து, போர்க்காலத்தில் ஒன்றுபட்ட தேசத்துக்கு ஏங்கியவர்களின் உள்ளத்தைத் தொட்டது. குலக்குறி என்ற கருத்தே 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மானுடவியலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும், சேர்க்கைக்கு அகழாய்வுச் சான்று மெலிந்தது என்பதும் பின்வந்தோர் சுட்டியவை. டிராகனைச் சீன மக்கள் அனைவரின் சின்னமாகக் காண்பதே அண்மைக்காலத்தது என்று நாட்டாரியலாளர் ஷி ஐதோங் வாதிடுகிறார். ஐந்து நக டிராகன் பேரரசருக்கு உரியதாக ஒதுக்கப்பட்டிருந்த நாட்டில் இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

முடிவாகாதவை

தோற்றம் பற்றிய விடைகளுள் நீரும் வானவில்லும் சேர்ந்த விளக்கம் மற்றவற்றைவிட அதிகம் விளக்குகிறது. வாட்கின்ஸின் ஒப்பீடு தன் எல்லைக்குள் உறுதியாக நிற்கிறது. எலும்பும் அச்சமும் துணைக் காரணங்களாக இருந்திருக்கலாம். ஆனால் டிராகன் ஏன் தோன்றியது என்பதும் ஏன் நிலைத்தது என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டாவதற்கு விடை ஊர்களில் இருக்கிறது.

அந்தச் சான்றையும் கவனத்தோடு கையாள வேண்டும். ஊர்வலங்களைப் பற்றிய பதிவுகளில் பெரும்பாலானவை காலத்தால் பிந்தியவை. பல விழாக்கள் இடையில் நின்று, 19-ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பின்போ புத்துயிர் பெற்றவை. பவேரியாவின் ஃபுர்த் இம் வால்ட் ஊரில் டிராகன் கொலை நாடகம் 1590 முதல் பதிவாகியிருக்கிறது. 2010 முதல் அங்கே வருவது 15 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள, தீ உமிழ்ந்து நடக்கும் இயந்திரம். இன்றைய விழாவைப் பார்த்து இடைக்கால மனத்தைப் படிப்பது எவ்வளவு தூரம் சரி என்பதற்குப் பொதுவான அளவுகோல் இல்லை. துயி போன்றோரின் தரவுகள் கதைக்கூறுகளை எண்ணுகின்றன. யார் சுமக்கிறார், எந்தப் பருவத்தில், ஊரின் எந்த எல்லை வரை என்பவற்றையும் அதே அளவில் தொகுத்தால் தை ஹாங்கும் தராஸ்கோனும் தற்செயலாக ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்க முடியும்.

இவற்றுக்கெல்லாம் முந்தைய கேள்வி ஒன்று மண்ணிலிருந்தே வந்திருக்கிறது. 2002-இல் ஹெனானின் ஏர்லிதோவில், சுமார் 3700 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறை ஒன்றில், ஏறத்தாழ 2000 நீலப்பச்சைக் கல் துண்டுகளை ஒட்டிச் செய்த டிராகன் கிடைத்தது. இறந்தவரின் உடல்மேல் அது கிடத்தப்பட்டிருந்தது. அதன் இடைப்பகுதியில் ஒரு வெண்கல மணி. அடக்கத்துக்கென்றே செய்த அணி அது என்பது ஒரு வாசிப்பு. டிராகன் உருவம் தாங்கிய கொடிகளில் மணி கட்டும் பழைய வழக்கத்தைச் சுட்டி, சடங்குகளில் ஏந்திச் செல்லப்பட்ட சின்னமாகவே அது இருந்திருக்க வேண்டும், அடியில் கிடந்தவர் அதை ஏந்தியவர் என்பது மற்றொரு வாசிப்பு. இரண்டாவது சரியென்றால், கையில் எடுத்து நடந்த டிராகனின் வரலாறு இங்கே கண்ட டிராகன் கதைகளின் எழுத்துப் பிரதிகளைவிடப் பழையதாகலாம்.